பெருவெடிப்புக்குப் பொருத்தம் பார்ப்பது

வணக்கம் அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. போன வாரம் பதினொன்றாம் வகுப்பில் பாடம் முடிந்து மணியடிக்கப் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. பிள்ளைகள் கேட்டார்களே என்று பெருவெடிப்பைப் பற்றிச் சொன்னேன். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் எல்லாம் ஒரே நெருக்கமாக, பெரும் சூடாக இருந்தது, அது விரிந்து விரிந்து இப்படி ஆனது என்று.

ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இது திருவாசகத்துலயே இருக்கு" என்றான். அவன் அப்பா தேவாரக் குழுவில் பாடுகிறவர். திருவண்டப்பகுதியின் முதல் வரிகளை மூச்சு விடாமல் சொல்லி, "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தான். உடனே ஒரு பெண், "பைபிள்ல முதல் அதிகாரத்துலயே 'வெளிச்சம் உண்டாகக்கடவது'ன்னு வருதே டீச்சர்" என்றாள். மேலப்பாளையத்துப் பையன் ஒருவன், வானமும் பூமியும் ஒன்றாக இருந்ததைப் பிரித்ததாகக் குர்ஆனில் 21ஆம் அத்தியாயத்தில் வசனம் இருக்கிறது என்றான். மூன்று பேரும் தீர்ப்புக்காகக் காத்திருப்பது மாதிரி நின்றார்கள். நல்ல வேளை, மணி அடித்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். அப்பா, "எல்லாம் ஒண்ணுதாம்மா, பேருதான் வேற" என்றார். என் வீட்டுக்காரர், "உலகம் தானா உண்டாச்சு, சாமியும் கிடையாது பூதமும் கிடையாதுன்னு சொல்லி முடிச்சிட்டு வரவேண்டியதுதானே" என்றார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவள். காலையில் பெருவெடிப்பு, சாயங்காலம் காந்திமதி அம்மன் சன்னிதி. இரண்டில் எது நான்? அடுத்த வாரம் அந்த மூன்று பேரிடமும் என்ன சொல்லட்டும்?

(பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் ஒன்று. உங்கள் வகுப்பறை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மூன்று வேதம், ஒரே பெஞ்சு வரிசை, மூன்றுக்கும் தீர்ப்புச் சொல்ல ஒரு இயற்பியல் டீச்சர். இது பாளையங்கோட்டையில்தான் நடக்கும்.

அந்தப் பிள்ளைகள் செய்தது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் செய்வதைத்தான் செய்திருக்கிறார்கள். பொருத்தம் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பெருவெடிப்பின் ஜாதகம், இன்னொரு பக்கம் வேதத்தின் ஜாதகம். பெண்ணைப் பிடித்துவிட்டால் ஜோசியர் எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்குத் தெரியும். பொருந்துகிற ஏழை உரக்கச் சொல்வார். பொருந்தாத மூன்றைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். ரஜ்ஜுவே தட்டினாலும் ஒரு பரிகாரம் கைவசம் இருக்கும்.

பைபிள் வசனம் சொன்ன அந்தப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் சொன்னதில் மேலோட்டமாகப் பார்த்தால் ஓர் ஆச்சரியமான பொருத்தம் இருக்கிறது. ஆதியாகமத்தில் முதல் நாள் வெளிச்சம் வருகிறது, சூரியனும் நட்சத்திரங்களும் நாலாம் நாள்தான் வருகின்றன. அறிவியலிலும் விண்மீன்கள் உண்டாவதற்கு வெகுகாலம் முன்பே பிரபஞ்சத்தில் ஒளி இருந்தது. ஆனால் அதே அதிகாரத்தில் புல்லும் பூண்டும் கனிமரமும் மூன்றாம் நாளே முளைத்துவிடுகின்றன. சூரியனுக்கு ஒரு நாள் முன்னால். வெளிச்சத்தை எடுத்துக்கொண்ட பிள்ளை செடியை விட்டுவிட்டாள். எடுத்தால் இரண்டையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் விட வேண்டும்.

திருவாசகப் பையன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே உண்டு. 'விரிந்தன' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வானியலாளர் ஹப்பிளுக்கு முன்பே மணிவாசகர் சொல்லிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவையாவது எனக்கு வருகிறது. இதை அறிவியலாக எடுத்துக்கொண்டால் அந்த எண்ணையும் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? நூற்றொரு கோடிக்கு மேல் அண்டங்கள். நம் பால்வீதி ஒன்றில் மட்டும் பத்தாயிரம் கோடிக்குக் குறையாத விண்மீன்கள். மணிவாசகர் கணக்கில் தோற்றுப்போகிறார். அவரைப் பரீட்சை எழுத உட்கார வைத்தது யார்? நாம்தான்.

அந்தப் பையன் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரி இது: "இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய." வீட்டுக்குள் நுழைகிற வெயில் கதிரில் மிதக்கும் தூசு போல. எங்கள் ஆச்சி வீட்டுப் பட்டாசலில் (கூடத்தில்) ஓட்டுக் கூரைக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. காலை ஒன்பது மணிவாக்கில் அதன் வழியாக வெயில் சாய்வாக ஒரு கம்பு மாதிரி இறங்கும். ஆச்சி பாயை உதறினால் போதும், அந்தக் கம்புக்குள் ஆயிரம் பொடி எழும்பிச் சுழலும். கம்புக்கு வெளியே ஒன்றுகூடத் தெரியாது. கையை நீட்டிப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன். மணிவாசகர் சொல்வது இதைத்தான்: அத்தனை கோடி அண்டங்களும் இந்தப் பொடி மாதிரிச் சிறியவை ஆகிவிடும்படி அவன் பெரியவன். ஒரு வீட்டுப் பட்டாசலில் உட்கார்ந்து பார்த்த ஆள் எழுதிய வரி அது. 'விரிந்தன'வோடு நிறுத்தியவன் அந்தத் தூசைத் தவறவிட்டுவிட்டான். அவனிடம் அடுத்த வரியையும் சொல்லச் சொல்லுங்கள். கட்டாயம் மனப்பாடம் இருக்கும்.

மேலப்பாளையத்துப் பையன் சொன்ன வசனத்துக்கும் இதே கதைதான். வானமும் பூமியும் இணைந்திருந்தன, பிரித்தோம், உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்து உண்டாக்கினோம் என்று வருகிற வசனம். பழைய உரையாசிரியர்களில் சிலர் இதற்குச் சொன்ன பொருள் வேறு. வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. பூமியும் மூடிக் கிடந்தது, பயிர் இல்லை. மழையால் வானத்தையும் முளையால் பூமியையும் திறந்தான் இறைவன் என்று. கார் சாகுபடிக்கு அணை திறப்பார்களா மாட்டார்களா என்று மேற்கே பொதிகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எந்த விவசாயிக்கும் இந்த அர்த்தம் உரை இல்லாமலே விளங்கும். பெருவெடிப்பைக் கொண்டுவந்து உள்ளே வைத்ததும் மழை வெளியே போய்விடுகிறது. நஷ்டம் யாருக்கு?

சரி, இப்போது உங்கள் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஓர் ஆள் இருக்கிறார். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்டவரே ஒரு பாதிரியார். ஜார்ஜ் லெமெய்த்ர், பெல்ஜியத்துக்காரர், 1894இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்து 1923இல் கத்தோலிக்கக் குருவானார். பிரபஞ்சம் விரிகிறது என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்தே 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தபோது அவர், கணக்கெல்லாம் சரி, ஆனால் உங்கள் இயற்பியல் சகிக்க முடியவில்லை என்கிற மாதிரிச் சொல்லி அனுப்பிவிட்டார். 1929இல் ஹப்பிள், தொலைநோக்கியில் பார்த்த கணக்கோடு வந்த பிறகுதான் விரிவதை எல்லாரும் ஒத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 1931இல் லெமெய்த்ர் இன்னொரு அடி போனார். விரிவதைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒரே ஓர் ஆதி அணுவில் போய் நிற்கும் என்று 'நேச்சர்' இதழில் ஒரு பக்கம்கூட நிறையாத குறிப்பு எழுதினார்.

அந்தக் குறிப்பின் தட்டச்சுப் பிரதியில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. கடவுளை நம்புகிறவர்கள் அவர் மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார்கள், இன்றைய இயற்பியல் படைப்பின் மேல் ஒரு திரை போடுவதைப் பார்த்து அவர்கள் மகிழலாம் என்பது அதன் சாரம். அச்சுக்குப் போகுமுன் அவரே பேனாவால் அதை அடித்துவிட்டார்.

எனக்கு அந்த அடித்தல் ரொம்ப முக்கியம். எழுதினவர் பாதிரியார், நம்பினவர், நம்பிக்கையை விட்டுவிடவும் இல்லை. ஆனாலும் அது இருக்க வேண்டிய இடம் இந்தக் காகிதம் இல்லை என்று கோடு போட்டிருக்கிறார். (மறைந்திருக்கிற கடவுள் என்றதும் எனக்குச் சைவத்தின் ஐந்தொழிலில் வரும் 'மறைத்தல்' ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றுதானோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பார்த்தீர்களா, உங்களுக்கு உபதேசம் எழுதிக்கொண்டே நானும் பொருத்தம் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். ஊர்ப் பழக்கம் லேசில் போகாது.)

இருபது ஆண்டு கழித்து இந்தக் கதை ரோமாபுரியில் இன்னொரு சுற்று நடந்தது. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் திருச்சபையின் அறிவியல் கழகத்தில் பேசினார். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டென்று அறிவியல் கண்டது, ஆதியில் 'ஒளி உண்டாகுக' என்று சொல்லப்பட்ட அந்தக் கணத்துக்கே சாட்சி சொல்வதுபோல இருக்கிறது என்றார். வேறொரு பாதிரியாராக இருந்தால் அந்தப் பேச்சைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பார். லெமெய்த்ருக்குச் சங்கடமாகப் போயிற்று. என் கோட்பாடு இன்னும் நிரூபணம் ஆகாத ஒன்று, நாளைக்கு அது பொய்த்தால் வேதமும் சேர்ந்து விழ வேண்டுமா என்பது அவர் கவலை. போப்பின் அறிவியல் ஆலோசகர் வழியாக அதை எடுத்துச் சொன்னதாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு உலக வானியலாளர்கள் ரோமில் கூடியபோது போப் மறுபடியும் பேசினார். அந்த ஒப்புமை அதில் இல்லை. பின்னால் 1958இல் லெமெய்த்ரே வெளிப்படையாகச் சொன்னார்: இந்தக் கோட்பாடு மதம் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு முழுக்க வெளியே நிற்கிறது, கடவுளை மறுக்கிறவர் இதை வைத்துக்கொண்டு தாராளமாக மறுக்கலாம் என்று. அங்கி போட்ட ஒருவர் சொன்னது இது.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு ஓர் ஆள். ஃப்ரெட் ஹாயில். இங்கிலாந்து வானியலாளர், அப்போது கறாரான நாத்திகர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்ற பேச்சே அவருக்கு ஆதியாகம வாடை அடித்தது. 1948இல் அவரும் இரண்டு நண்பர்களுமாகச் சேர்ந்து நிலைப் பிரபஞ்சம் என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பிரபஞ்சம் விரியத்தான் செய்கிறது, ஆனால் விரிகிற இடைவெளியில் புதிய பொருள் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது, ஆகவே அதற்கு ஆதியும் இல்லை அந்தமும் இல்லை என்று. 1949இல் பிபிசி வானொலிப் பேச்சு ஒன்றில் எதிர்க்கோட்பாட்டுக்கு அவர் போகிறபோக்கில் வைத்த பெயர்தான் 'பிக் பேங்'. எதிரி வைத்த பட்டப்பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. நம் பக்கத்தில் எத்தனை வீட்டுக்குப் பட்டப்பெயர் அப்படித்தானே நிலைத்திருக்கிறது.

போப் தொடக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், ஹாயில் தொடக்கத்தைப் பார்த்து எரிச்சல்பட்டார். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே ஜாதகக் கட்டம்தான். பெருவெடிப்பு உண்டென்றால் கடவுள் உண்டு, கடவுள் இல்லையென்றால் பெருவெடிப்பும் இருக்கக் கூடாது. இந்த முடிச்சை யார் போட்டது? "தானா உண்டாச்சு, அதனால சாமி கிடையாது" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் அந்த முடிச்சின் இன்னொரு நுனிதான். அவரிடம் இதைக் கோபம் வராத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் ரசிப்பார்கள். 1964இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்று இரண்டு பேர் கொம்பு வடிவத்தில் இருந்த ஒரு பெரிய ஆண்டெனாவை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மெல்லிய இரைச்சல். பகலிலும் உண்டு, ராத்திரியிலும் உண்டு. ஆண்டெனாவுக்குள் இரண்டு புறா குடியிருந்தது தெரிந்து, அவற்றை விரட்டி, எச்சத்தையெல்லாம் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. கடைசியில் பார்த்தால் அது வானம் முழுக்க நிறைந்திருக்கிற பழைய வெப்பத்தின் மிச்சம். பிரபஞ்சத்துக்குச் சுமார் 3.8 லட்சம் வயதானபோது கிளம்பிய ஒளி, விரிவில் இழுபட்டு இழுபட்டு ஆறிப்போய், இன்றைக்கு மைனஸ் 270 டிகிரியில் வந்து நிற்கிறது. 1978இல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. புறாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் செய்தி 1966இல் லெமெய்த்ர் இறப்பதற்குச் சற்று முன்னால் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹாயில் 2001இல் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய மாணவர், நம் புனேக்காரர் ஜயந்த் நர்லிகரும் கிட்டத்தட்ட அப்படித்தான், 2025இல் காலமாகும்வரை மாற்றுக் கோட்பாட்டை விடவில்லை. (ஜோசியர்களிடம் ஜாதகங்களைக் கொடுத்துச் சோதித்து, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட அவர்கள் கணிப்பு மேல் இல்லை என்று காட்டியவரும் இவர்தான். என் பொருத்த உவமையைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.)

அந்த இரைச்சலை நானும் பார்த்திருக்கிறேன், என்ன என்று தெரியாமல். எண்பதுகளில் எங்கள் தெருவில் முதல் டிவி எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்போது இங்கே கொழும்பு ரூபவாகினிதான் கொஞ்சம் தெளிவாக எடுக்கும். அதற்காக மொட்டை மாடியில் இருபதடிக் குழாயை நட்டு, அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஆண்டெனாவை மாட்டி, அப்பா அதைக் கிழக்கே திருப்புவார். கீழே வாசலில் நான். "வருதாலே?" "வரல, புள்ளிதான் வருது." "இப்பம்?" "இப்பமும் புள்ளிதான்." காற்றடித்தால் முடிந்தது, மறுபடி திருப்ப வேண்டும். மணிக்கணக்காக அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளிக் கொதிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் புள்ளிகளில் நூற்றில் ஒன்று அளவுக்கு அந்த ஆதி வெப்பத்தின் மிச்சம் என்று பின்னால் படித்தபோது, மாடியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைக் கட்டிப்பிடித்து நின்ற அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். கொழும்பைத் தேடின மனுசனுக்கு அகப்பட்டது பிரபஞ்சம்.

இன்னொரு வேடிக்கை. பெருவெடிப்பைத் தங்கள் வேதத்துக்கு ஆதரவாக எடுத்துக்கொள்ள அந்த மூன்று பேரில் குறைந்த உரிமை உள்ளவன் சைவப் பையன்தான். நம் சித்தாந்தத்தில் உலகம் ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு நாள் திடீரென்று வருவதில்லை. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுமே அநாதி. உலகம் மாயையிலிருந்து தோன்றும், நிற்கும், மாயையிலேயே ஒடுங்கும், மறுபடி தோன்றும். சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே 'அந்தம் ஆதி' என்கிறது, எல்லாவற்றையும் ஒடுக்குகிறவன் எவனோ அவனே தொடக்கமும் என்று. 1950வாக்கில் பொருத்தம் பார்க்க நினைத்த சைவர் யாராவது இருந்திருந்தால், நியாயமாக அவர் ஹாயில் கட்சியில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் அந்தப் புறாக் கூண்டோடு அவர் கட்சியும் கலைந்திருக்கும். ஆகவே உங்கள் அப்பா சொல்கிற "எல்லாம் ஒண்ணுதாம்மா" அவருடைய நல்ல மனசைக் காட்டுகிறது, அவ்வளவுதான். எல்லாம் ஒன்றில்லை. அந்தப் பையனின் அப்பா பாடுகிற சைவமும் அந்தப் பெண்ணின் ஆதியாகமமும் உலகத் தொடக்கத்தைப் பற்றிச் சொல்வது வேறு வேறு. அறிவியல் சொல்வது மூன்றாவது.

இதை நான் மழுப்ப விரும்பவில்லை. மதம் உலகத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லி, அந்தக் கணக்கு அளந்து பார்த்ததோடு மோதினால், மதம்தான் ஒதுங்க வேண்டும். உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று பைபிளில் வரும் வம்சாவளிகளை வைத்து 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் ஒருவர் கணக்குப் போட்டார். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. இதில் சமரசத்துக்கு இடமில்லை. இங்கே உடனே ஒருவர் எழுந்து, பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பார்த்தீர்களா எவ்வளவு பக்கம் என்பார். பக்கம்தான். ஆனால் பிரம்மாவின் ஆயுள் 311 லட்சம் கோடி ஆண்டு என்று அதே கணக்கில் வருகிறதே, அது எதற்குப் பக்கம்? அந்தக் கட்டத்தை ஜோசியர் மெதுவாக வாசிப்பார்.

'அதற்கு முன்னால் என்ன இருந்தது?' என்று பிள்ளைகள் கேட்கத்தான் போகிறார்கள். ஒளித்துப் பேசாமல் சொல்லிவிடுங்கள். முதல் சில நிமிடங்களில் என்ன நடந்தது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஹைட்ரஜன் எடையில் முக்கால் பங்கு, ஹீலியம் கால் பங்கு என்று அப்போது சமைந்த கலவையை இன்றைக்கும் வானத்தில் அளந்து பார்க்கலாம். இன்னும் பின்னால், பின்னால் என்று போனால் ஓரிடத்தில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே கையை விரித்துவிடுகின்றன. அதற்கு அப்பால் இன்றைக்கு யாரிடமும் சோதித்துப் பார்த்த விடை இல்லை. அந்தக் காலி இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் உட்கார வைக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கடவுளுக்காகத்தான் பாவமாக இருக்கும். நாளைக்கு ஒரு சமன்பாடு வந்து, எழுந்திரும்வே என்று சொன்னால் அவர் எங்கே போவார்?

பெருவெடிப்பு என்றதும் பட்டாசு மாதிரி நடுவில் ஓரிடத்தில் வெடித்துச் சிதறியதாக நினைப்பார்கள், அதையும் திருத்திவிடுங்கள். ராத்திரி கரைத்துவைத்த தோசை மாவில் நாலைந்து மிளகு கிடந்தால், விடியும்போது மாவு பொங்கியிருக்கும், ஒவ்வொரு மிளகும் மற்றதிலிருந்து தள்ளிப் போயிருக்கும். எந்த மிளகும் நீந்திப் போகவில்லை. ஏறக்குறைய அப்படி.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இரண்டில் எது நீங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

எங்கள் குடும்பத்துச் சாமி சுடலைமாடன். கொடை (கோயில் விழா) என்றால் வில்லுப்பாட்டு உண்டு. கைலாயத்தில் பார்வதி பிள்ளை வரம் கேட்க, விளக்கின் சுடர் தெறித்து அவள் மடியில் விழுந்து பிறந்தவன் சுடலை என்று பாடுவார்கள். ஒரு பொறியிலிருந்து பிறப்பு. நினைத்தால் இதையும் பெருவெடிப்போடு பொருத்தலாம், இதுவரை யாரும் பொருத்தவில்லை என்பதே ஆறுதல். காலேஜ் படிக்கும்போது ஒரு கொடை ராத்திரியில் ஆச்சியிடம் பெரிய மனுசத்தனமாகச் சொன்னேன், இந்த உலகமெல்லாம் ஆயிரம் கோடி வருசத்துக்கு முன்னாலேயே தானாக உண்டாகிவிட்டது ஆச்சி என்று. ஆச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இருந்துட்டுப் போட்டும்லே. நம்ம வீட்டுத் தலைக்கட்டு வரியக் குடுத்தாச்சா இல்லயான்னு கணக்குப்பிள்ளகிட்ட கேட்டியா?" என்றாள்.

ஆச்சிக்குச் சுடலை உலகத்தைப் படைத்தவன் இல்லை. அப்படி யாரும் அவளிடம் சொன்னதும் இல்லை. அவன் ஊர் எல்லையில் நிற்கிறவன், ராத்திரி காவலுக்குச் சுற்றி வருகிறவன், அவள் மகன் அம்மை கண்டு கிடந்தபோது அவள் பேசின ஆள். ஹீலியம் எத்தனை பங்கு என்று அவனிடம் கேட்கவே தோன்றாது. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதனை செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறான். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம், கடைசி நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் நிற்பான். அவனிடம் உனக்கு முரணாகத் தெரியவில்லையா என்று ஒரு தடவை கேட்டேன். "வால்வு ஒழுகினா முருகன் வந்து அடைப்பாருன்னு நான் எப்பவாவது சொன்னேனா மாமா?" என்றான். இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நீங்கள் வெள்ளிக்கிழமை காந்திமதி அம்மன் முன்னால் நிற்கும்போது மனசில் ஓடுவது என்ன? 1380 கோடி ஆண்டாக இருக்காது. மகன் படிப்பு, அப்பா உடம்பு, அல்லது ஒன்றுமே இல்லாத ஐந்து நிமிடம். அந்த நிற்பு பிரபஞ்சத்தின் வயதில் மாட்டித் தொங்கவில்லை, ஆகவே வயது மாறினால் விழப்போவதும் இல்லை. நான் உங்கள் அளவுக்குக் கும்பிடுகிறவன் இல்லை, பிரகாரம் சுற்றுகிறவன் மட்டும். ஆனாலும் அடுத்த தடவை அந்தக் கோயிலில் நடராஜரின் தாமிர சபையைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். பெருவெடிப்பில் உண்டானது ஹைட்ரஜனும் ஹீலியமும் துளி லித்தியமும்தான், செம்பு அதில் இல்லை. அது பின்னால் பெரிய விண்மீன்களின் வயிற்றுக்குள் வெந்து உண்டானது. தனிமங்கள் விண்மீனுக்குள் எப்படிச் சமைகின்றன என்று 1957இல் விளக்கி எழுதிய நால்வரில் ஒருவர் அதே ஹாயில். தொடக்கத்தில் தோற்றவர் செம்பில் ஜெயித்தார். எனக்கு அங்கே நிற்கும்போது நடராஜரும் ஞாபகம் வருவார், ஹாயிலும் ஞாபகம் வருவார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்ததில்லை.

ஆக, தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதலில் லெமெய்த்ர் கதையைச் சொல்லுங்கள், அவர் அடித்த அந்தப் பத்தியோடு. அப்புறம் மூன்று பேரும் அவரவர் வேதத்தில் அவரவர் சொன்ன வரிக்கு அடுத்த வரியையும் வாசிக்கட்டும், தூசும் செடியும் தண்ணீரும் வருகிற இடம்வரை. வீட்டில் கேட்டு வரச் சொன்னால் இன்னும் நல்லது, அந்தச் சாக்கில் பெரியவர்களும் வாசிப்பார்கள்.

பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் பெட்டி மாதிரி பழைய டிவி ஏதாவது கிடந்தால் கொண்டுவந்து, கேபிள் எதுவும் செருகாமல் போட்டுக் காட்டுங்கள். புள்ளி வரும். நூற்றில் எந்த ஒன்று டீச்சர் என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். அதைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது என்று சொல்லிவிடுங்கள். பென்சியாஸும் வில்சனும் புறாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள்.

அன்புடன்.